கற்றா

போன மாதம் சத்துவாச்சாரியில் ஒரு நிச்சயதார்த்த வீட்டில் உட்கார்ந்திருந்தேன். பந்தி தொடங்க நேரமாகும் போலிருந்தது. பக்கத்தில் இருந்த உறவுக்காரப் பையன் போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். ஒரு நாட்டுப் பசு. அதன் முன்னால் வைக்கோல் திணித்துத் தைத்த கன்றுத்தோல். பசு அதை நக்கிக்கொண்டே நிற்க, ஒருவர் கீழே உட்கார்ந்து பால் கறக்கிறார். "பாருங்க அத்தை, எப்படி ஏமாறுது பாருங்க" என்றான். எட்டிப் பார்த்த இரண்டு பேர் சிரித்தார்கள். ஒரு பெரியம்மா "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். பந்தியில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதே சொல்லை, அதே சிரிப்போடு, நான் ஒரு வகுப்பறையில் எழுந்து நின்று சொல்லியிருக்கிறேன். எனக்கு அப்போது பதினோரு வயது. அன்றிலிருந்து அந்தச் சொல் என்னைவிட்டுப் போகவில்லை.

1988. ஆறாம் வகுப்பு. வட ஆற்காடு மாவட்டத்தை இரண்டாகப் பிரிப்பதற்கு முந்தைய வருடம். மேல்விஷாரத்தை ஒட்டிய ஊர் எங்களுடையது. வகுப்பில் பாதிப் பேருக்கு அப்பா தோல் ஷாப்புக்குப் போகிறவர், அம்மா வீட்டில் பீடி சுற்றுகிறவர். பாலாற்றுப் பக்கம் ஜன்னல். மத்தியானத்துக்கு மேல் அந்த ஜன்னல் வழியாக மணல் சூடு உள்ளே வரும், வெய்யிலோடு தோல் ஷாப்பு வாடையும் வரும். வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எங்களுக்கு அது வீட்டு வாசனை.

தமிழ் ஐயா அன்றைக்குப் புணர்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். கரும்பலகையில் 'கன்று + ஆ' என்று எழுதி, என்ன வரும் என்று கேட்டார். 'கன்றா' என்று எல்லோரும் கத்தினோம். அவர் சாக்பீஸால் பெரிதாக 'கற்றா' என்று எழுதினார். மென்தொடர் இங்கே வன்தொடராகிறது, 'ன்று' என்பது 'ற்று' ஆகிறது என்று விதியைச் சொன்னார். அப்புறம் விதியை விட்டுவிட்டு அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டார். கன்றை உடைய பசு, கற்றா. கன்றும் பசுவும் ஒட்டி நிற்பது போல இரண்டு சொல்லும் ஒட்டி ஒரே சொல்லாகிவிட்டன பாருங்கள் என்றார். தேர்க்காலில் கன்றைப் பறிகொடுத்த பசு ஆராய்ச்சி மணியை அடித்த கதையைச் சொன்னார். தெரிந்த கதைதான். ஆனாலும் பசு கொம்பால் மணிக்கயிற்றை இழுக்கிற இடத்தில் அவர் குரல் கம்மியதை மறக்க முடியவில்லை. கதை முடிந்ததும் கேட்டார்: "உங்க வீட்டுல, தெருவுல, மிருகங்களோட தாய்ப்பாசத்தை யார் யார் பார்த்திருக்கீங்க? சொல்லுங்க."

கைகள் உயர்ந்தன. பருந்து வட்டமிடும்போது குஞ்சுகளை இறக்கைக்குள் இழுத்துக்கொண்ட கோழி. ஏழு வீட்டுக்குக் குட்டியை வாயில் கவ்விப்போன பூனை. குட்டி போட்ட நாய் தபால்காரரைக் கடித்தது. என் முறை வந்தது. மற்ற யாரிடமும் இல்லாத கதை என்னிடம் இருந்தது.

நான் சொன்ன கதை

எங்கள் வீட்டுச் செவலை இரண்டாவது ஈற்றில் ஒரு கிடாரிக் கன்று போட்டிருந்தது. ஒன்பதாம் நாள் கன்றுக்குக் கழிச்சல் கண்டது. மாதுளை ஓட்டை அரைத்துக் கொடுத்தார்கள், கஷாயம் போட்டார்கள். இரண்டு நாளில் அது படுத்துவிட்டது. மூன்றாம் நாள் விடிவதற்குள் போய்விட்டது. அந்த ராத்திரி முழுக்கச் செவலை அதை நக்கிக்கொண்டே இருந்தது. கொட்டாயில் அரிக்கேன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். நாக்கு முடிமேல் இழைகிற அந்த 'சர்... சர்...' சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. முதலில் முகத்தை, அப்புறம் கழுத்தை, அப்புறம் வயிற்றை என்று அது ஓர் ஒழுங்கோடு நக்கியது. நடுநடுவே மூக்கால் முட்டி எழுப்பிப் பார்த்தது. விடியற்காலையில் முட்டுவதை நிறுத்திவிட்டது. நக்குவதை மட்டும் நிறுத்தவில்லை.

நாட்டு மாடு கன்று இல்லாமல் பால் விடாது. சீமைக் கலப்பு மாடென்றால் புண்ணாக்கைக் காட்டி மடியைத் தடவியே கறந்துவிடலாம். செவலை அப்படி இல்லை. அந்தப் பால்தான் எங்கள் வீட்டுக்கு மளிகை, எனக்கு நோட்டுப் புத்தகம். நைனா தோல் ஷாப்பில் பச்சைத்தோல் பிரிவில் இருந்தார். கன்றைக் கால்வாய் ஓரமாகத் தூக்கிப் போனார். திரும்பி வரும்போது தோல் மட்டும் கையில் இருந்தது. கன்றைக் கால்வாய்க் கரையிலேயே புதைத்துவிட்டார். தோலில் கல்லுப்பு போட்டு, நிழலில் இரண்டு நாள் உலர்த்தி, வைக்கோல் திணித்து, கோணி ஊசியும் சணலும் வைத்துத் தைத்தார். நான்கு மூங்கில் குச்சிகள் கால்களாயின. கண் இருந்த இடத்தில் இரண்டு தையல்.

அதை முன்னால் கொண்டுபோய் வைத்ததும் செவலை முகர்ந்தது, நக்கியது, கொஞ்ச நேரத்தில் மடி சுரந்தது. நைனா தொழுவத்திலிருந்து வெளியே வந்து கையைக் கழுவினார். "உப்புக்கு நக்குது, வேற இன்னா?" என்றார். தெருவில் பார்க்க வந்தவர்கள், "ஏமாத்திட்டியே ரங்கா" என்பது போல அவர் முதுகில் தட்டினார்கள். நான் வகுப்பில் சொன்னது அந்தத் தெருக்காரர்களின் கதையை. ராத்திரி கேட்ட நாக்குச் சத்தத்தைச் சொல்லவில்லை. "எங்க மாடு பொம்மையைக் கன்னுக்குட்டின்னு நினைச்சு ஏமாந்து பால் குடுக்குதுங்க ஐயா" என்றேன். நான் எதிர்பார்த்த மாதிரியே வகுப்பு சிரித்தது. ஐயாவும் லேசாகச் சிரித்து, தாய்ப்பாசம் கண்ணை மறைத்துவிடும் பார்த்தீர்களா என்றார்.

இரண்டாவது வரிசை

அப்போதுதான் அந்தப் பெண் எழுந்தாள். அவள் பெயரை இங்கே எழுத விரும்பவில்லை. கை தூக்காமலே எழுந்தாள். இரண்டாவது வரிசை, சுவரோரம். வகுப்பில் அதிகம் பேசாதவள். சாயங்காலமானால் அம்மாவுக்கு பீடிக்கட்டுக்கு நூல் சுற்றிக் கொடுக்கப் போய்விடுவாள், விளையாட வரமாட்டாள்.

"அது ஏமாறலைங்க ஐயா" என்றாள்.

ஐயா "என்னம்மா?" என்றார்.

"எங்கம்மா செத்துப்போன தம்பி சட்டைய மோந்துக்கினேதான் தூங்கறாங்க. தம்பி செத்துட்டான்னு எங்கம்மாவுக்குத் தெரியும்ங்க ஐயா. அவங்கதான் குளிப்பாட்டுனாங்க."

குரல் நடுங்கவில்லை. அழவும் இல்லை. கணக்கில் ஒரு விடை தப்பாக இருக்கிறது என்று எழுந்து சொல்வாளே, அந்தத் தொனி. சொல்லிவிட்டு உட்காராமல் நின்றாள். ஐயா சொன்னால்தான் உட்கார வேண்டும் என்பது வழக்கம். ஐயா சொல்லவில்லை. வகுப்பில் ஒருவரும் அசையவில்லை. ஜன்னலுக்கு வெளியே யாரோ மாட்டு வண்டியில் பட்டைக் கட்டு ஏற்றிப் போகும் சத்தம் கேட்டது. எனக்குக் காது மடலெல்லாம் சூடாகிவிட்டது. அவள் என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

ஐயா மேசைமேல் சாக்பீஸை வைத்தார். "தம்பிக்கு எத்தனை மாசம்மா?" என்று கேட்டார். "ஆறு மாசங்க ஐயா." அவர் கொஞ்ச நேரம் கரும்பலகையில் இருந்த 'கற்றா'வைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் திரும்பி, "நான் அப்படி யோசிக்கலம்மா" என்றார். "உட்காரு." 1988-இல் ஒரு வாத்தியார், ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம், அதுவும் பீடி சுற்றுகிற வீட்டுப் பிள்ளையிடம், நான் அப்படி யோசிக்கவில்லை என்று சொன்னார். அதற்குப் பிறகு பள்ளியிலும் கல்லூரியிலும் எனக்கு எத்தனையோ ஆசிரியர்கள் வந்தார்கள். அந்த வாக்கியத்தை வேறு எவர் வாயிலிருந்தும் நான் கேட்டதில்லை.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார். கை நின்றது. "அந்தப் பொண்ணா சொல்லிச்சு?" என்று மட்டும் கேட்டார். அம்மாவுக்குக் கறக்கும்போது மாட்டோடு பேசுகிற பழக்கம் உண்டு. நெற்றியை அதன் விலாவில் சாய்த்துக்கொண்டு, மாமியார் சண்டையிலிருந்து ரேஷன் கடை வரைக்கும் எல்லாம் சொல்வார். வைக்கோல் கன்று வந்த நாளிலிருந்து அந்தப் பேச்சு நின்றுபோயிருந்தது. சத்தமில்லாமல் கறந்துவிட்டு எழுந்து வருவார். அன்று சாயங்காலம் தொழுவத்தில் அம்மாவின் குரல் மறுபடி கேட்டது. என்ன பேசினார் என்று தெரியவில்லை.

அந்த வாரம் முழுக்க நான் செவலையைப் பார்த்தபடி இருந்தேன். அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. வைக்கோல் கன்றை முகர்ந்தது, நக்கியது, எல்லாம் சரி. ஆனால் ஒரு தடவைகூட அதைப் பார்த்துக் கூப்பிடவில்லை. கன்று உயிரோடிருந்தபோது வாயைத் திறக்காமலே தொண்டைக்குள் 'ம்ம்ம்' என்று ஒரு கனைப்பு இருக்கும், பக்கத்தில் நிற்பவருக்கே கேட்கும் அளவுக்கு. அந்தக் கனைப்பு பொம்மைக்குக் கிடைக்கவில்லை. கறந்து முடித்து வெளியே கட்டினால், கால்வாய்ப் பக்கம் திரும்பி நின்று, கழுத்தை நீட்டி, வாயை முழுதாகத் திறந்து கத்தும். பொம்மை பின்னால் தொழுவத்திலேயே நிற்கும். செவலைக்கு அது கன்று என்று தோன்றியிருந்தால் எதிர்ப்பக்கம் திரும்பி யாரைக் கூப்பிட்டது?

இங்கிலாந்தில் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்துக்காரர்கள் பசுக்களின் குரலைப் பதிவுசெய்து ஆராய்ந்ததைப் பல வருடம் கழித்துப் படித்தேன். கன்று அருகில் இருக்கும்போது தாழ்ந்த குரல், பிரிந்திருக்கும்போது உரத்த, உயர்ந்த குரல், இரண்டும் வேறுவேறு என்கிறார்கள். ஒவ்வொரு பசுவின் குரலும் தனித்தனியாக அடையாளம் காணக்கூடியது என்றும் கண்டிருக்கிறார்கள். படிக்கும்போது எனக்குக் கால்வாய்க் கரைதான் நினைவுக்கு வந்தது.

ஊசி

தொண்ணூறுகளில் எங்கள் பக்கத்தில் வைக்கோல் கன்று குறைய ஆரம்பித்தது. ஊசி வந்துவிட்டது. சின்னக் கண்ணாடிக் குப்பி, கறப்பதற்கு முன் கழுத்தில் ஒரு குத்து, இரண்டு நிமிடத்தில் மடி சுரந்துவிடும். நக்குவதற்குத் தோலும் வேண்டாம். மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-இலிருந்தே இருக்கிறது. மாட்டின் உடம்பைக் கெடுக்கும்படி பால் சுரக்க ஊசி போடுவது அதன் 12-ஆம் பிரிவின்படி குற்றம். ஆனாலும் அந்தக் குப்பியை வாங்குவதற்கு யாரும் சிரமப்பட்டதாகத் தெரியவில்லை. குப்பிக்குள் இருந்தது ஆக்ஸிடோசின். கன்று முட்டும்போது, அல்லது கன்றைப் பார்த்ததும் முகர்ந்ததும், தாயின் மூளை தானாகவே ரத்தத்தில் விடுகிற அதே சாரம். அதுதான் மடிக்குள் தேங்கிய பாலைக் காம்புக்கு இறக்குகிறது. 1953-இல் அதைச் செயற்கையாகச் செய்துகாட்டிய வின்சென்ட் டு விக்னோவுக்கு 1955-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

2006-இல் எனக்குப் பிரசவம். வலி நின்று நின்று வந்ததால், வேகப்படுத்த நர்ஸ் குளுக்கோஸ் பாட்டிலில் ஒரு மருந்தைச் செலுத்தினார். உடைத்த குப்பியை டிரேயில் வைத்தபோது பெயரைப் படித்தேன். அதே பெயர். அந்த வலியிலும் எனக்குச் செவலை ஞாபகம் வந்தது என்று சொன்னால் நம்புவீர்களோ மாட்டீர்களோ, வந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு மூன்று மாதத்துக்குப் பிறகு நடந்ததை. அப்போது பிரசவ விடுப்பு சட்டப்படி 12 வாரம்தான், 26 வாரமானதெல்லாம் 2017-இல். குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டுக் காட்பாடியில் ரயில் ஏறி அரக்கோணம் போய் வருவேன். ஒரு நாள் சாயங்காலம் திரும்பும்போது, பெண்கள் பெட்டியில், வாலாஜா ரோடு தாண்டியதும் எதிர் சீட்டில் ஒரு கைக்குழந்தை அழுதது. பசி அழுகை. அதன் அம்மா துணிப்பையில் பால்புட்டியைத் தேடிக்கொண்டிருந்தாள். எனக்கு மார்பு இறுகி, குறுகுறுவென்று ஏதோ இறங்கி, ரவிக்கை நனைந்துவிட்டது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த வயதான அம்மா பார்த்துவிட்டு, "வீட்ல எத்தினி மாசம்?" என்று மெதுவாகக் கேட்டார். "மூணுங்கம்மா" என்றேன். தலையாட்டினார். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

எதிர் சீட்டுக் குழந்தை என் குழந்தை இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு விநாடிகூட அந்தச் சந்தேகம் வரவில்லை. பால் வந்தது. திருப்பாவையின் 12-ஆம் பாசுரத்தில் ஓர் எருமை கன்றை நினைக்கிறது, நினைத்த மாத்திரத்தில் பால் வழிந்து வீடெல்லாம் சேறாகிறது. மார்கழி தவறாமல் ஒலிபெருக்கியில் கேட்டு வளர்ந்த பாட்டு. ரயிலில்தான் எனக்கு அது புரிந்தது. அந்த எருமை யாரிடமும் ஏமாறவில்லை. நானும் ஏமாறவில்லை. பின் செவலையை மட்டும் எதற்காக அப்படிச் சொன்னேன்?

2018-இல் வட அமெரிக்காவின் மேற்குக் கடலில் ஓர் ஓர்கா திமிங்கிலம் பிறந்த உடனே இறந்த தன் குட்டியை 17 நாள் மூக்கில் ஏந்திக்கொண்டு நீந்தியது. உலகமே பார்த்தது. துக்கம் என்றுதான் எல்லோரும் எழுதினார்கள். குட்டி உயிரோடிருப்பதாக நினைத்து அது ஏமாந்துவிட்டது என்று யாருக்கும் எழுதத் தோன்றவில்லை. அதனிடம் யாரும் பால் கறக்கவில்லையே. மங்கோலியாவில் தாய் ஒட்டகம் குட்டியைச் சேர்க்காமல் போனால், அல்லது தாயில்லாத குட்டியை வேறொரு ஒட்டகத்திடம் விட வேண்டுமென்றால், பக்கத்தில் உட்கார்ந்து நரம்பு வாத்தியம் வாசித்து, இழுத்து இழுத்துப் பாடுவார்கள். மணிக்கணக்கில்கூட ஆகும். அந்தச் சடங்கை யுனெஸ்கோ 2015-இல் அழியாமல் காக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. அவர்களுக்கும் பால் வேண்டும், குட்டி பிழைக்க வேண்டும். ஆனால் ஒட்டகத்திடம் அதைக் கெஞ்சிக் கேட்கிறார்கள். நாம் ஏமாற்றினோம் என்கிறோம். அப்படிச் சொல்லிவிட்டால் எதிரில் நிற்பது ஒன்றும் தெரியாத மிருகம் என்றாகிவிடுகிறது. கறப்பதும் சுலபமாகிவிடுகிறது. என் பதினோரு வயதுச் சிரிப்பும் அந்தச் சுலபத்துக்காகத்தான் வந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

செவலைக்கு அந்த வருடம் ஐப்பசி மழையோடு பால் வற்றிவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தைக்கு ஓட்டிப் போனார்கள். வைக்கோல் கன்றில் அதற்குள் பூச்சி வைத்துவிட்டது.

சதைப்பக்கம்

ஒன்று பாக்கி இருந்தது. உப்பு. நைனா சொன்ன காரணம் எனக்குள் முள் மாதிரி இருந்துகொண்டே இருந்தது. மாட்டுக்கு உப்பு ஆசை உண்டு, அது பொய்யில்லை. அந்தப் பெண் சொன்னதும், நான் கால்வாய்ப் பக்கம் பார்த்ததும், ரயிலில் நடந்ததும் எல்லாம் இருக்கட்டும், அது வெறும் உப்புக்காக நக்கியிருந்தால்?

நைனாவுக்கு எழுபது தாண்டிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோல் பதனிடுவதைப் பற்றிப் பேச்சு வந்தது. ஆவாரம்பட்டை காலத்திலிருந்து குரோம் வரைக்கும் வரிசையாகச் சொன்னார். பச்சைத்தோல் வந்ததும் முதலில் எப்படி உப்பு போட வேண்டும் என்று கையால் செய்து காட்டினார். தோலை முடிப்பக்கம் கீழே இருக்கும்படி விரித்து, மேலே சதைப்பக்கம் முழுக்கக் கல்லுப்பை அள்ளித் தேய்க்க வேண்டும், ஓர் இடம் விட்டாலும் அழுகிவிடும் என்றார். கை காற்றில் தேய்த்துக்கொண்டிருந்தது.

"செவலை கன்னுக்கும் அப்படித்தான் போட்டீங்களா நைனா?"

"எல்லாத்துக்கும் அப்படித்தான்."

"அப்போ உப்பு உள்பக்கம்தானே? மாடு நக்குனது முடிப்பக்கம்."

கை நின்றது. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் திண்ணையில் இருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"பின்ன இன்னான்னு சொல்லச் சொல்றே பாப்பா? மறுநாளும் கறக்கணுமே" என்றார்.